தண்ணீர் நின்ற கோடுகள்: மேட்டூர், ஏற்காடு, மூக்கனேரி

வெள்ளி, பண்ணவாடி

மேட்டூர் அணையில் தண்ணீர் இறங்கினால் போதும், பேப்பரில் பண்ணவாடி நந்தி வந்துவிடும். அணை கட்டியபோது மூழ்கிய ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தி ஒரு பக்கம், பழைய தேவாலயத்தின் கோபுரம் இன்னொரு பக்கம். இரண்டையும் முதுகுக்குப் பின்னால் வைத்து செல்ஃபி எடுக்க மேச்சேரி, ஓமலூர், அக்கரை தர்மபுரி என்று சனம் வரும். இன்றும் வந்திருந்தது. ஐஸ் வண்டி, மாங்காய் பத்தை, சுண்டல் எல்லாம் உண்டு. அணை மட்டம் 60 அடிக்கும் கீழே.

நாங்கள் நந்திக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றோம். எங்களுக்கு வேண்டியது கரை.

"நாங்கள்" என்றால் நானும் அக்கா பையனும். அவன் எம்.எஸ்ஸி. ஜியாலஜி. கல்லூரியில் அவனுக்குக் கொடுத்திருக்கும் செமினார் தலைப்பு, பனிக்காலத்தில், அதாவது பனியுகத்தில், இருந்து இன்று மறைந்துபோன ஏரிகள். லேப்டாப் முழுக்க கனடா, ஸ்காட்லாந்து, அமெரிக்கா என்று சாட்டிலைட் படங்கள். வற்றிய ஒரு கரையையாவது காலால் மிதித்திருக்கிறானா என்றால் இல்லை. "ஏன்டா, சேலத்துக்காரனுக்கு அதுக்கு கனடா எதுக்கு? கோடையில மேட்டூர் போதுமே" என்று கிளப்பிக்கொண்டு வந்தேன். காரும் பெட்ரோலும் என்னுடையது, வியாக்கியானம் அவனுடையது என்று ஒப்பந்தம்.

நீர்ப்பிடிப்புக்குள் இறங்கும் சரிவு முழுக்கப் படி படியாக இருக்கிறது. யாரும் வெட்டிய படி இல்லை. ஒவ்வொன்றும் விரல் நீளத்திலிருந்து ஒரு சாண் வரை உயரம். படியின் ஓரத்தில் ஒரு கோடு: வெளுத்த நத்தை ஓடு, மட்டி ஓடு, காய்ந்த பாசி, சுள்ளி, தண்ணீர் பாட்டில் மூடி. அதற்குக் கீழே நாலு எட்டு வழவழப்பான மண், மறுபடி ஒரு படி, மறுபடி ஓடும் மூடியும். கரை எங்கே வளைகிறதோ அங்கே படியும் வளைகிறது. எதிரே உள்ள மேட்டைப் பார்த்தால் அங்கேயும் அதே உயரத்தில் அதே கோடுகள். உப்புத் தண்ணீர் பிடிக்கும் அண்டாவின் உள்பக்கம் பார்த்தவர்களுக்கு நான் மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

பையன் டேப்பை விரித்து அளக்க ஆரம்பித்தான். சில படி அகலம், சில படி ஒடுக்கம். ஏன் என்று அவன் யோசித்துக்கொண்டிருக்கும்போது, பரிசலைக் கவிழ்த்துப் போட்டு அதன் நிழலில் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த பெரியவர் பதில் சொல்லிவிட்டார்.

"தண்ணி நின்னா அகலம் தம்பி. சரசரன்னு எறங்குனா கோடே இருக்காது. தை பாதியில மதகு அடைப்பாங்கல்ல, அப்புறம் குடிக்கறதுக்கு மட்டுந்தான் வுடுவாங்க. அப்ப தண்ணி ஒரே எடத்துல கெடக்கும், அலை அடிச்சு அடிச்சு மண்ணைத் தின்னுரும்."

சனவரி 28-ல் பாசனத்துக்கு அடைப்பதும் ஜூன் 12-ல் திறப்பதும் மேட்டூர் வழக்கம். டெல்டாவுக்குத் திறந்துவிடும் மாதங்களில் மட்டம் மளமளவென்று இறங்கும். அந்த உயரத்துக்கான சரிவில் படிகள் மங்கலாகத்தான் இருக்கின்றன. ஏரி தன் கையெழுத்தைப் போடுவது ஓரிடத்தில் நிற்கும்போதுதான். வற்றும் வேகத்தில் அதற்கு எழுத நேரம் இல்லை.

இதைத்தான் குரோவ் கார்ல் கில்பர்ட் என்ற அமெரிக்க நிலவியலாளர் 1890-ல் ஒரு தடிமனான புத்தகமாக எழுதினார். அவர் பார்த்தது யூட்டா மாநிலத்தில். இன்றைக்கு சால்ட் லேக் சிட்டி இருக்கும் இடத்தில் பனிக்காலத்தில் பான்வில் என்று ஓர் ஏரி. விரிந்து கிடந்தபோது ஏறத்தாழ 50,000 சதுர கிலோமீட்டர், ஆழம் 300 மீட்டர் வரை. தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிடும். நம் மேட்டூர் நீர்த்தேக்கம் நிறைந்து நின்றாலும் 153 சதுர கிலோமீட்டர்தான். பான்வில் வற்றி எஞ்சிய குட்டைதான் இன்றைய கிரேட் சால்ட் லேக். ஆனால் சுற்றியுள்ள மலைகளின் இடுப்பில் பழைய கரைகள் அப்படியே நிற்கின்றன. நகரத்தின் மேட்டுத் தெருக்கள் பல அந்தப் படிகள் மேல்தான் இருக்கின்றன.

கில்பர்ட் கவனித்ததில் எனக்கு மிகவும் பிடித்தது வேறு. ஒரே கரைக்கோடு எல்லா இடத்திலும் ஒரே உயரத்தில்தானே இருக்க வேண்டும்? இல்லை. ஏரியின் நடுவே தீவுகளாக நின்ற மலைகளில் அந்தக் கோடு, ஓரத்தில் இருப்பதைவிடப் பல பத்து மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அத்தனை தண்ணீரின் பாரத்தில் பூமியே அமுங்கியிருந்து, பாரம் போனதும் மேலே எழும்பியிருக்கிறது. நடுவில்தான் பாரம் அதிகம், அதனால் அங்கேதான் எழுச்சியும் அதிகம். கோடு போட்டு அளந்தவன் கடைசியில் பூமியின் உள்ளே என்ன இருக்கிறது என்றே சொல்லிவிட்டான்.

ஸ்காட்லாந்தில் க்ளென் ராய் என்ற பள்ளத்தாக்கு. இரண்டு பக்க மலையிலும் 350, 325, 260 மீட்டர் உயரத்தில் மூன்று கோடுகள், ரோடு போட்ட மாதிரி. ஊர்க்காரர்கள் புராணகாலத்து வீரர்கள் வேட்டைக்குப் போட்ட பாதை என்றார்கள். சார்ல்ஸ் டார்வின் 1838-ல் போய்ப் பார்த்து, இவை பழைய கடற்கரைகள் என்று மறு வருஷம் கட்டுரை எழுதினார். 1840-ல் லூயி அகாசி வந்தார். ஸ்விட்சர்லாந்தில் பனியாறுகளைப் பார்த்தே வளர்ந்த ஆள். கடல் இல்லை, பனியாறு ஒன்று பள்ளத்தாக்கின் வாயை அணை மாதிரி அடைத்திருக்கிறது, தேங்கிய ஏரியின் கரைதான் இது என்றார். அகாசி சொன்னதே நின்றது. டார்வின் பிற்காலத்தில் தன் கட்டுரையைத் தானே கடுமையாகத் திட்டிக்கொண்டார்.

ஏன் மூன்றே கோடு? பனி எவ்வளவு தூரம் முன்னேறியது என்பதைப் பொறுத்து, தண்ணீர் வழிந்து வெளியேற மலையில் மூன்று இடுக்குகள் இருந்தன. எந்த இடுக்கு திறந்திருக்கிறதோ அதன் உயரம்தான் ஏரியின் மட்டம். ஏரி நிரம்பி வழியும் வாயை நம்மூர் பாஷையில் கோடி என்போம், அப்படி இந்த ஏரிக்கு மூன்று கோடி.

நந்தியையும் பார்த்துவிட்டுத்தான் வந்தோம், வந்ததற்கு விடுவானேன். 1925-ல் தொடங்கி 1934-ல் முடிந்த அணை இது. மூழ்கிய ஊர்க்காரர்களின் பேரன் பேத்திகள் இப்போது வற்றிய நிலத்தில் எள்ளும் கடலையும் சோளமும் போடுகிறார்கள். வண்டல், எரு தேவையில்லை. தண்ணீர் வருவதற்குள் அறுத்துவிட வேண்டும் என்பது ஒன்றே கவலை. படகுத்துறையில் நாகமரை போகும் படகு நிரம்பி வழிந்தது. மேட்டூருக்குத் திரும்பி அணைப் பூங்கா பக்கம் மீன் வறுவல். ஜிலேபி மீன் முள் குறைச்சல், கெண்டை ருசி கூடுதல். நான் கெண்டைக் கட்சி.

சனி, ஏற்காடு

கோரிமேடு தாண்டி அடிவாரம் சோதனைச் சாவடியிலேயே வண்டி வரிசை. கோடை விழா நெருங்குகிறது, வேறென்ன எதிர்பார்ப்பது. 20 கொண்டை ஊசி வளைவுகளையும் பெங்களூரு வண்டி ஒன்றின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே ஏறினோம்.

வளைவு ஒன்றில் ஒதுங்கிக் கீழே பார்த்தால் சேலத்துக்கு வடக்கே வெள்ளை வெளேரென்று திட்டுத் திட்டாக நிலம். "சித்தி, இது மட்டும் யூட்டாவுல இருந்தா உப்பு ஏரின்னு சொல்லிருவாங்க" என்றான் பையன். சாட்டிலைட் படம் மட்டும் பார்ப்பவன் இங்கேதான் சறுக்குவான். அது வெள்ளைக்கல், மேக்னசைட். பூமிக்கு அடியிலிருந்து வந்த மக்னீசியம் மிகுந்த பாறையை, கரியமில வாயு கலந்த நீர் விரிசல் விரிசலாகப் புகுந்து மாற்றியதில் உண்டானது. சுரங்கம் வெட்டிக் கொட்டியதால் அப்படித் தெரிகிறது. ஏரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வெள்ளையாக இருப்பதெல்லாம் உப்புப் படுகையும் இல்லை, தட்டையாக இருப்பதெல்லாம் ஏரிப்படுகையும் இல்லை. இரண்டாவதற்கு நாளை வருகிறேன்.

ஏற்காடு ஏரியைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. படகுக்கு டோக்கன் வாங்க ஒரு மணி நேரம் என்றார்கள், வேண்டாம் என்று விட்டோம். ரொட்டி ஆம்லெட் சாப்பிட்டுவிட்டு, ஏரித் தண்ணீர் எங்கே போகிறது என்று பார்க்கக் கிளம்பினோம்.

அது கிளியூர் அருவிக்குப் போகிறது. ஏரி நிரம்பி வழியும் தண்ணீர் 300 அடி விழும் இடம். மழைக்காலத்தில் இரைச்சலில் பேச முடியாது. இப்போது கரும்பாறையில் ஈரம் ஒரு கோடாக வழிகிறது, அவ்வளவே. இறங்கி வந்த குடும்பம் ஒன்று "இதுக்கா இத்தனை படி" என்று சலித்துக்கொண்டு திரும்பியது. எங்களுக்கு வற்றியிருப்பதே வசதி, பாறை முழுசாகத் தெரிகிறது.

ஏரி எத்தனை காலம் இருக்கும் என்பதை அதன் கோடிதான் தீர்மானிக்கும். பான்வில் ஏரியின் கதையே அதுதான். அந்த ஏரி நிரம்பி வடக்கே ரெட் ராக் பாஸ் என்ற இடுக்கில் வழிய ஆரம்பித்தது. அங்கே இருந்தது பாறை இல்லை, மலையடிவாரத்தில் குவிந்த பொலபொல மண்ணும் கல்லும். வழிந்த தண்ணீர் அதை அரித்தது. அரிக்க அரிக்க வழி பெரிதானது, வழி பெரிதாகப் பெரிதாக இன்னும் அரித்தது. ஏரி மட்டம் 100 மீட்டருக்கும் மேல் இறங்கிய பிறகே அடியில் கெட்டிப் பாறை வந்து தடுத்தது. அங்கே மட்டம் நெடுங்காலம் நின்றது. அதனால் அந்த உயரத்தில் உள்ள கரை, ப்ரோவோ கரை, எல்லாவற்றிலும் அகலமானது. பண்ணவாடிப் பெரியவர் சொன்னதேதான்.

ஏரிக் கரை உடைந்து பார்த்த ஊர்க்காரர்களுக்கு இதில் புதிது ஒன்றுமில்லை. முதலில் எலி வளை அளவுக்குக் கசியும். கோரையும் மணல் மூட்டையும் வந்து சேர்வதற்குள் ஆள் நுழையும் அளவுக்கு ஆகிவிடும்.

கிளியூரில் அந்தப் பயம் இல்லை. இது சார்னோக்கைட், நாட்டிலேயே கெட்டியான பாறைகளில் ஒன்று. அருவி பின்வாங்கிப் பின்வாங்கி ஏரிவரை தின்றுகொண்டு போவதற்குள் நாம் எல்லாம் என்ன ஆவோமோ.

ஆனால் அணையே பனிக்கட்டி என்றால்? பையன் பாறை மேல் உட்கார்ந்து இதைக் கை வீசி விளக்கினான், பக்கத்தில் இருந்த காலேஜ் பசங்களும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மொன்டானாவில் மிசூலா என்று ஓர் ஏரி. பனித்தகடு ஒன்று, அதாவது நிலத்தை மூடிய பனிக்கட்டிப் பாளம், கீழிறங்கி ஆற்றை அடைத்ததில் தேங்கியது. அணையருகே ஆழம் சுமார் 600 மீட்டர். பனிக்கட்டி தண்ணீரைவிட லேசு. தண்ணீர் அணையின் உயரத்தில் பத்தில் ஒன்பது பங்கை நெருங்கும்போதே அணை மிதக்கப் பார்க்கும். அடியில் தண்ணீர் புகுந்ததும் அணை போய்விடும், ஏரி மொத்தமும் சில நாளில் காலி. பனி மறுபடி வந்து அடைக்கும், மறுபடி தேங்கும், மறுபடி உடையும். இப்படிப் பல தடவை.

வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்கே பாறை வரை உரிக்கப்பட்ட வறண்ட கால்வாய்களைப் பார்த்து, இது ஒரு பிரம்மாண்ட வெள்ளத்தின் வேலை என்று ஜே ஹார்லன் ப்ரெட்ஸ் 1923-ல் எழுதினார். பெரியவர்கள் சிரித்தார்கள். அத்தனை தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். மிசூலா ஏரியின் படுகையில் வீட்டு உயரத்துக்கு மணலும் கல்லும் அலை அலையாக எழும்பிக் கிடக்கின்றன, ஆற்று மணலில் விரற்கடை உயரத்தில் பார்க்கும் அதே வரிகள். அவை ஏரி வேகமாகக் காலியானபோது உண்டானவை என்று ஜோசப் பார்டி 1942-ல் காட்டினார். ப்ரெட்ஸுக்கு அமெரிக்க நிலவியலின் உயர்ந்த விருதான பென்ரோஸ் பதக்கம் 1979-ல் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 96. நீண்ட ஆயுள் வாதத்துக்கு எவ்வளவு உதவி பாருங்கள்.

ஞாயிறு, சேர்வராயன் கோயில்

5,326 அடி. சேர்வராயன் மலையின் உச்சி என்றால் கூர்மையான முகடு என்று நினைத்து வருபவர்கள் ஏமாறுவார்கள். கால்பந்து ஆடலாம், அப்படி ஒரு சமவெளி. ஓரத்தில் குனிந்து நுழையும் குகைக்குள் சேர்வராயரும் காவேரியம்மனும். மே மாதத் திருவிழாவுக்கு இந்த மலைகளின் பழங்குடிகளான மலையாளி மக்கள் சுற்றியுள்ள எல்லா மலைக் கிராமங்களிலிருந்தும் வந்து இந்தத் திடலை நிரப்பிவிடுவார்கள். இன்று காற்றும் நாங்களும், கொஞ்சம் மாடுகளும்.

காரை நிறுத்தியவுடன் பையன் கேட்டான்: "இது ஏரிப்படுகையா இருந்திருக்குமோ?" கேட்க வேண்டிய கேள்விதான். ஏரி அடியில் சேறு படிந்து படிந்து மட்டமாகும். தண்ணீர் போனதும் மேசை மாதிரி நிலம் மிஞ்சும். உலகத்தில் இதற்குப் பெரிய உதாரணம் கனடாவின் வினிபெக் நகரமும் அதைச் சுற்றிய ரெட் ரிவர் பள்ளத்தாக்கும். வட அமெரிக்கப் பனித்தகடு உருகிப் பின்வாங்கியபோது அதன் ஓரத்தில் தேங்கிய ஏரி அது. பெருத்திருந்த காலத்தில் இன்றைய ஐம்பெரும் ஏரிகளைச் சேர்த்தாலும் மிஞ்சும் பரப்பு. 1879-ல் வாரன் உபம் அதற்கு அகாசி பெயரையே வைத்தார். இப்போது அது கோதுமை வயல். ஆறு வழிந்தால் வெள்ளம் மைல் கணக்கில் பரவும், நிலம் அத்தனை தட்டை.

நம் நாட்டிலும் உண்டு. காஷ்மீர் பள்ளத்தாக்கில் கரேவா என்று மேட்டுத் திடல்கள். ஒரு காலத்தில் பள்ளத்தாக்கு மொத்தமும் ஏரி, பனியுகங்கள் வந்து வந்து போன காலம் நெடுக அதில் படிந்த வண்டல்தான் கரேவா. மலைகள் எழும்பியதில் தண்ணீர் பாராமுல்லா பக்கம் வழி கண்டு வடிந்துவிட்டது. சதிசரஸ் என்ற ஏரியைக் காசியபர் வடித்தார் என்று நீலமத புராணமும் சொல்கிறது. பாம்பூர் குங்குமப்பூ விளைவது இந்தக் கரேவா மண்ணில்தான். பிரியாணியில் நாலு இழை போடும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, சேர்வராயன் திடல்? சாலை வெட்டிய ஓரத்தில் மண்ணைக் கையில் எடுத்தோம். சிவப்பும் மஞ்சளுமாக, பொரிப்பொரியாக, லேசாக. நசுக்கினால் உதிர்கிறது, ஒட்டுவதில்லை. ஏரி வண்டல் இப்படி இருக்காது. இது பாக்சைட். கோடிக்கணக்கான வருஷ வெயிலும் மழையும் அடியில் உள்ள சார்னோக்கைட்டிலிருந்து கரையக்கூடியதையெல்லாம் கழுவி எடுத்த பிறகு மிஞ்சிய அலுமினியச் சக்கை. ஒரு காலத்தில் இங்கே வெட்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்குக் கொண்டு போனார்கள். திடல் மட்டமாக இருப்பது, மிகப் பழைய ஒரு நிலப்பரப்பின் மிச்சம் என்பதால்.

இந்த உதிர் மண்தான் எனக்கு இந்தப் பயணத்திலேயே பெரிய சாட்சி. பனித்தகடு என்பது கிலோமீட்டர் கணக்கில் கனமான உப்புத்தாள். அது நகர்ந்த இடத்தில் பொலபொலப்பான எதையும் விட்டுவைக்காது. கனடாவிலும் பின்லாந்திலும் பாறை வரை சுரண்டி, மெத்தென்ற இடத்தைக் குழித்து, சுரண்டிய மண்ணை வரப்பு வரப்பாகக் குவித்துவிட்டுப் போனது. அந்தக் குழிகள் எல்லாம் ஏரி. பின்லாந்தில் 500 சதுர மீட்டருக்குக் குறையாதவற்றை மட்டும் எண்ணி 1,87,888 ஏரி என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். சேர்வராயன் உச்சியில் விரலால் நசுக்கக்கூடிய மண் இன்னும் இருக்கிறது என்றால் இங்கே எதுவும் சுரண்டவில்லை. சுரண்டாததால் குழி இல்லை, குழி இல்லாததால் ஏரி இல்லை. சமவெளியில் நாம் ஏரி என்று சொல்வதெல்லாம் யாரோ வாய்க்கால் பார்த்து, கரை போட்டு, மதகு வைத்துக் கட்டியது. பின்லாந்துக்காரனுக்கு பனி செய்து கொடுத்ததை இங்கே மண்வெட்டியும் கூடையும் செய்திருக்கின்றன.

அப்படியானால் பனிக்காலம் சேலத்தைத் தொடவே இல்லையா? தொட்டது, வறட்சியாக. 20,000 வருஷத்துக்கு முன் பனி உச்சத்தில் இருந்தபோது தென்மேற்குப் பருவமழை பலவீனம். உலகத் தண்ணீர் பனியாக நிலத்தில் உட்கார்ந்துகொண்டதால் கடல் சுமார் 120 மீட்டர் இறங்கியிருந்தது, இலங்கைக்கு நடந்தே போகலாம். யூட்டாவில் குளிரும் மழைத்தடம் மாறியதும் ஏரியை நிரப்பியபோது நம் பக்கம் காய்ந்து கிடந்தது. பனிக்காலம் என்றாலே எங்கும் தண்ணீர் என்று நினைப்பது பள்ளிக்கூடப் படத்தின் வேலை.

இதற்கான பதிவு கிட்டத்திலேயே இருக்கிறது, நீலகிரியில். பள்ளத்தாக்குச் சதுப்புகளில் செடி கொடி மக்காமல் அடுக்கடுக்காகச் சேர்ந்த பீட் என்னும் கரிமண். புல்லும் மரமும் காற்றிலிருந்து கார்பனை எடுக்கும் விதம் வேறு, அதனால் அவற்றில் கனமான கார்பனின் விகிதமும் வேறு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ரா. சுகுமாரும் உடன் ஆய்வு செய்தவர்களும் இந்த விகிதத்தை அடுக்கடுக்காக அளந்து 1993-ல் வெளியிட்டார்கள். பனி உச்சத்தில் வறண்ட காலத்துப் புல் மேலோங்கி, பிறகு ஏறத்தாழ 10,000 வருஷத்துக்கு முன் மழை வலுத்த கதை அதில் இருக்கிறது. நீலகிரியில் அப்படி என்றால் கிழக்கே இருக்கும் சேர்வராயனும் அந்தக் காய்ச்சலுக்குத் தப்பியிருக்காது என்பது என் ஊகம்.

மாடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா எங்கள் கையில் இருந்த மண்ணைப் பார்த்துவிட்டு, "சாமி மண்ணுங்க, வூட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போறீங்களா?" என்றார். பையன் கொஞ்சம் மட்டும் பையில் போட்டுக்கொண்டு மீதியைக் கீழே வைத்தான்.

திங்கள், மூக்கனேரி

இறங்கி வீட்டுக்குப் போகும் வழியில் கன்னங்குறிச்சி. சேர்வராயன் மலையில் பெய்யும் மழை வந்து சேரும் ஏரி இது. சில வருஷம் முன்பு ஊர் மக்கள் சேர்ந்து தூர்வாரி, வாரிய மண்ணையே உள்ளே திட்டுத் திட்டாகப் போட்டு மரம் நட்டார்கள். இப்போது அந்தத் திட்டுகளில் நீர்க்காகமும் கொக்கும்.

நாங்கள் பார்க்க வந்தது கரையோரம் மண் எடுத்த ஒரு குழி. இடுப்பளவு ஆழம், ஒரு பக்கம் செங்குத்தாக வெட்டியிருந்தது. பையன் பிச்சுவாக் கத்தியால் முகத்தைச் சுத்தமாகச் சீவினான். வெளிர் மணல், அதன் மேல் கறுத்த களி, மறுபடி மணல், மறுபடி களி. மண்ணைக் கிள்ளி முன்பல்லில் வைத்துத் தேய்த்தான். நறநற என்றால் வண்டல், வழுக்கினால் களி. நான் பார்வையோடு நிறுத்திக்கொண்டேன், இது சாக்கடையும் கலக்கும் ஏரி.

ஸ்வீடனில் ஜெரார்டு டி கீர் 1878-ல் இப்படி ஒரு வெட்டுமுகத்தைப் பார்த்துத்தான் யோசிக்க ஆரம்பித்தார். பனி உருகும் கோடையில் ஆறு மணலும் வண்டலும் கொண்டு வரும், வெளிர்ப் பட்டை. மாரியில் ஏரி உறைந்து மூடிக்கொள்ளும், அலை இல்லை, வரத்து இல்லை, தண்ணீரில் மிதந்த நுண்ணிய களி மெல்ல இறங்கும், கறுத்த பட்டை. இரண்டும் சேர்ந்தால் ஒரு வருஷம். அவரும் மாணவர்களும் ஊர் ஊராகக் குழிகளில் பட்டைகளை எண்ணி, ஒரு குழியின் தடித்த பட்டையை அடுத்த குழியின் தடித்த பட்டையோடு பொருத்தி, பனி எந்த வருஷம் எந்த ஊரை விட்டு நகர்ந்தது என்று கணக்குப் போட்டு 1912-ல் வெளியிட்டார்கள். கார்பன் காலக்கணிப்பு வருவதற்குப் பல பத்தாண்டு முன்பு.

"அப்ப இதையும் எண்ணலாமா சித்தி?"

எண்ணலாம், வருஷம் கிடைக்காது. இங்கே ஏரி உறைவதில்லை. சித்திரை வைகாசியில் இடி மழை ஒரு தடவை மண்ணைக் கொண்டு வரும், ஆடி ஆவணியில் ஒரு தடவை, ஐப்பசியில் ஒரு தடவை. சில வருஷம் ஒன்றுமே வராது. வற்றினால் களி பாளம் பாளமாக வெடித்து மேல்மண் உள்ளே விழும். எருமை மிதிக்கும், தூர்வாரும் இயந்திரம் புரட்டும். பனி ஏரியின் அடியில் புழு பூச்சிகூட அதிகம் இல்லாததால் பட்டை கலையவில்லை, இங்கே உயிர் அதிகம்.

எண்ண முடியாவிட்டால் அடையாளம் தேட வேண்டும். மிசூலா வெள்ள வண்டலில் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலையின் சாம்பல் மெல்லிய வெள்ளைக் கோடாக இருக்கிறது. சாம்பலின் வயது தெரிந்ததால் அதற்குக் கீழே இருப்பது முந்தைய வெள்ளம், மேலே இருப்பது பிந்தையது என்று பிரிக்க முடிந்தது. மூக்கனேரிக்கு எரிமலை எங்கே போவது?

மூன்றாவது மணல் பட்டையில், முழங்கால் ஆழத்தில், பையனின் கத்தியில் ஏதோ மாட்டியது. இழுத்தால் ஷாம்பு பாக்கெட். சாயம் போய்விட்டது, தேதி அழிந்துவிட்டது, விலை மட்டும் தெளிவாக இருக்கிறது: 50 காசு. பையன் அதை சாம்பிள் பையில் போட்டு, ஆழத்தை எழுதி, அம்புக்குறி போட்டுப் படமும் எடுத்துவிட்டான். அதற்கு மேலே உள்ள முழங்கால் அளவு மண் மொத்தமும் அந்தப் பாக்கெட்டுக்குப் பிறகு வந்தது என்று ஆகிறது. வருஷம் தெரிந்தால் ஏரி எவ்வளவு வேகத்தில் தூர்கிறது என்று ஒரு கணக்கே போடலாம். மேலிருந்து தூர்வாரியவர்கள் கொட்டியதாகவும் இருக்கலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். மணல் பட்டை கலையாமல் இருக்கிறதே என்று அவன் மல்லுக்கு நின்றான்.

தட்டுவடை செட் கடையில் உட்கார்ந்தும் அதே பேச்சு. எந்த வருஷம் வரை ஷாம்பு 50 காசுக்கு விற்றது? கடைக்காரர் 2000 வாக்கில் என்கிறார், நான் அதற்கும் பின்னால் என்கிறேன். அந்தக் காலத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் சொல்லுங்கள், செமினார் அடுத்த வாரம்.